மாத்திரை ஒன்று குறைந்த கதை

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய மருந்துச் சீட்டு கிடக்கிறது. இரத்த அழுத்தத்துக்குக் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று இரண்டு மாத்திரைகள். அதற்கும் கீழே, போகிற போக்கில் கிறுக்கியதுபோல் ஒரு வரி: உப்பைக் குறைக்கவும். எவ்வளவு, எதில், எப்படி என்று ஒன்றும் இல்லை. மூன்று ஆண்டுகள் நான் அந்த வரியைப் பொருட்படுத்தவே இல்லை. மாத்திரைதான் போடுகிறோமே என்ற தைரியத்தில் முன்பைவிடத் தாராளமாகவே சாப்பிட்டேன்.

இப்போது ஒரு மாத்திரைதான். இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்பது, "அப்படி என்ன சாப்பிட்டீர்கள்?" ஏதாவது ஒரு விதை, ஒரு சாறு, ஒரு பொடி என்று நான் சொல்வேன் எனக் காத்திருக்கிறார்கள். இல்லை என்றதும் முகம் வாடிவிடுகிறது. மாத்திரைக்குப் பதிலாக இன்னொரு மாத்திரையைத்தான் தேடுகிறார்கள். அது செடியில் காய்த்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் மாற்றியது ஒரு பொருளை அல்ல, முழுச் சாப்பாட்டையும். 1997இல் அமெரிக்காவில் 'டாஷ்' என்ற உணவு ஆய்வின் முடிவு வெளியானது. 459 பேர் கலந்துகொண்டார்கள். அவர்களில் ஒரு பிரிவினருக்குக் காய்கறி, பழம், கொழுப்பு குறைந்த பால் பொருட்கள் நிறைந்த உணவு எட்டு வாரங்கள் தரப்பட்டது. உப்பின் அளவை மாற்றவில்லை, எடையைக் குறைக்கவும் விடவில்லை. அப்படியிருந்தும், உயர் இரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு அழுத்தத்தின் மேல் அளவு (இரண்டு எண்களில் முதலாவது), வழக்கமான உணவு உண்டவர்களோடு ஒப்பிட்டால், சராசரியாக 11 புள்ளி கூடுதலாகக் குறைந்தது. ஒரு மாத்திரை செய்கிற வேலை அது! உப்பையும் சேர்த்துக் குறைத்தால் இன்னும் இறங்குகிறது என்று பிறகு வந்த ஆய்வு காட்டியது.

அந்த உப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் எனக்கு நாளாயிற்று. சமையலில் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பொட்டலத்தில் வந்ததை எல்லாம் கணக்கில் சேர்க்காமல் விட்டிருக்கிறேன். பொட்டலத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் சோடியம் என்றுதான் போட்டிருப்பார்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இனிப்பு ரொட்டியில்கூட உப்பு இருப்பதைப் பார்த்து அன்று எனக்குக் கோபமே வந்தது.

சர்க்கரை நோய்க்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. நோயின் வாசலில் நின்றவர்களை வைத்து நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2002இல் வந்தது. உணவு, நடை, எடைக் குறைப்பு ஆகியவை நோய் வரும் வாய்ப்பை 58 விழுக்காடு குறைத்தன. சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரை குறைத்தது 31 விழுக்காடு.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரை டப்பாவைக் குப்பையில் போட வேண்டாம். என் நண்பர் ஒருவர் அதைத்தான் செய்தார். உணவை மாற்றிய முதல் வாரமே மாத்திரையை நிறுத்தினார். பத்தாம் நாள் தலைசுற்றி விழுந்தார். சில அழுத்த மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் அழுத்தம் முன்பைவிட மேலே போகும். மறுபக்கமும் ஆபத்து இருக்கிறது: சாப்பாட்டைக் குறைத்துவிட்டு இன்சுலினை மட்டும் பழைய அளவில் போட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு ஆகாது. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. உடலில் இன்சுலின் சுரப்பே நின்றுபோகிற முதல் வகைச் சர்க்கரை நோய்க்கு எந்த உணவும் இன்சுலினுக்கு ஈடாகாது.

நான் ஐந்து மாதங்கள் காலையும் மாலையும் அழுத்தத்தை அளந்து ஒரு நோட்டில் எழுதினேன். மருத்துவர் அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு இரவு மாத்திரையைச் சீட்டிலிருந்து அடித்துவிட்டார். "மற்றதும் போய்விடுமா, டாக்டர்?" என்று ஆசையாகக் கேட்டேன். "உங்கள் அப்பாவுக்கும் இருந்ததல்லவா? பார்க்கலாம்" என்றார். இன்று காலையும் அந்த ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.