ஏத்தத்துல குதிரை சக்தி மட்டும் பேசாது
"மோரிஸ் மைனருக்கு 48 குதிரை சக்தி, பீட்டல் 1200க்கு வெறும் 34, அதனால மலை ரோட்டுல மோரிஸ்தான் கெட்டி"ன்னு இந்த ரெண்டு பழைய காரையும் ஒப்பிட்ட கட்டுரையில போட்டிருக்கறத மட்டும் என்னால ஒத்துக்க முடியல. அந்த 48 எப்ப வருது, 5100 ஆர்பிஎம்ல, அதாவது இன்ஜின் நிமிஷத்துக்கு 5100 சுத்து சுத்தறப்ப, பினாங்கு பாலிக் புலாவ் ஏத்தத்துல அவ்ளோ முறுக்கிக்கிட்டு யாரு போறா? பீட்டலுக்கு 3600லயே முழு பவரும் வந்துடும், ரெண்டுக்கும் டார்க் (இன்ஜினோட முறுக்கு விசை) கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா மோரிஸுக்கு அது 2500ல, பீட்டலுக்கு 2000லயே கிடைக்குது. இன்னொண்ணு, 1961 மாடல்லருந்து பீட்டல்ல நாலு கியருக்கும் சிங்க்ரோ (ஓடறப்பவே கியர் உரசாம விழ வைக்கற அமைப்பு) உண்டு, மோரிஸுக்கு 1098 சிசி இன்ஜின் வந்தப்பவும் ஃபர்ஸ்ட் கியருக்கு கிடையாது. டுரியான் சீசனுக்கு எங்கப்பா மோரிஸ்லதான் பாயா தெருபோங் ரோடு வழியா பாலிக் புலாவ் போவோம், வளைவுல வேகம் கொறைஞ்சு அப்பா டபுள் கிளட்ச், அதாவது கிளட்ச ரெண்டு தடவ மிதிச்சு ஃபர்ஸ்ட் போடறதுக்குள்ள பின்னாடி வந்த பெரியப்பாவோட பீட்டல் படபடன்னு சத்தம் போட்டுக்கிட்டே தாண்டி போயிடும், அவரு கைய வேற ஆட்டிட்டு போவாரு. மேல கருத்து எழுதுன அண்ணன் சொன்ன மாதிரி ஸ்டேரிங்ல மோரிஸ்தான் ராஜா, அது ரேக் அண்ட் பினியன் (பல் சக்கரம் பல் தண்ட நேரா தள்ளற) ஸ்டேரிங்லா, மழையில இறங்கறப்ப பீட்டலோட பின்சக்கரம் பண்ற கூத்தெல்லாம் எனக்கும் தெரியும், ஆனா இங்க பேச்சு ஏத்தத்த பத்திதானே.