வேலை பெற்றோருக்கு, படம் பள்ளிக்கு, பிள்ளைக்கு என்ன?

இரவு ஒன்பது மணிக்கு மேல் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் செய்தி போடுவதை யாராவது தடுத்தால் அவருக்குக் கோடிப் புண்ணியம். ‘அன்பான பெற்றோரே, நாளை ரெட் டே. குழந்தைகள் சிவப்பு உடையில், சிவப்பு நிறப் பழம் ஒன்றும் பொருள் ஒன்றும் கொண்டு வர வேண்டும்.’ கடைசியில் கைகூப்பும் பொம்மை இரண்டு. அவ்வளவுதான். அந்த நேரத்தில் மாதுளைக்கு எங்கே போவது? இருக்கிற ஒரே சிவப்புச் சட்டை அழுக்குக் கூடையில் கிடந்தால், அதை அலசி ஃபேனுக்கு அடியில் காயப்போட்டுவிட்டுப் பதினொரு மணிக்குப் படுக்க வேண்டும். ஜூன் மாதமே அச்சடித்த டைரி ஒன்று கொடுத்தார்கள். தேர்வுத் தேதி, ஃபீஸ் கட்டும் தேதி எல்லாம் அதில் இருக்கிறது. இந்த ‘டே’க்கள் எதுவும் இல்லை.

மதுரையில் ஒரு தனியார் நர்சரி பிரைமரி பள்ளி. மகள் இரண்டாம் வகுப்பு. அங்கே வருடத்துக்கு ஒருமுறை ‘ஆக்டிவிட்டி வீக்’ என்று ஒரு வாரம். திங்கள் ரெட் டே, செவ்வாய் ஃப்ரூட் டே, புதன் மாறுவேடம், வியாழன் மாடல், வெள்ளி தாத்தா பாட்டி தினம். சனிக்கிழமை காலையில் ‘இந்த வாரம் நம் பள்ளியில்’ என்று படங்களோடு ஒரு பிடிஎஃப் வரும். இந்த வாரம் முழுக்க என் மகள் தன் கையால் செய்தது ஏதாவது உண்டா என்று யோசித்துப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்றாள். அது ஒன்றுதான்.

புதன்கிழமையைக் கேளுங்கள். தலைப்பு ‘நமக்கு உதவுபவர்கள்’. டாக்டர், போலீஸ், தபால்காரர், விவசாயி என்று யாருக்கு என்ன வேடம் என்பதைப் பள்ளியே பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டது. மகளுக்கு விவசாயி. மாறுவேடத் துணிக்கு எங்கே போக வேண்டும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் இருந்து, இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியிருக்கும் தையல்காரர்களிடம்தான். பாரதியார் கோட்டு, கட்டபொம்மன் உடை, போலீஸ் தொப்பி எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். வேலை முடிந்து போய், கூட்டத்தில் நின்று, வாடகையும் அட்வான்ஸும் கொடுத்துச் சின்ன வேட்டியும் துண்டும் அட்டைக் கலப்பையும் வாங்கி வந்தேன். காலையில் பள்ளியில் அவளுக்குக் கண்மையால் மீசை வரைந்துவிட்டார்கள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. நாற்று நடுவது யார்? களை பறிப்பது யார்? மேலூர் பக்கம் ஒரு வயலுக்குப் போய்ப் பாருங்கள், குனிந்திருக்கிற முதுகுகளில் முக்கால்வாசி பெண்களின் முதுகுகள். ஒரு பெண் குழந்தை விவசாயி ஆக வேண்டும் என்றால் மீசை வேண்டும் என்று ஏழு வயதில் சொல்லிக் கொடுத்து அனுப்புகிறார்கள். மேடையில் ‘ஐ ஆம் எ ஃபார்மர், ஐ க்ரோ ஃபுட் ஃபார் யூ’ என்று இரண்டு வரி ஒப்பித்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். வேனில் அரை மணி நேரம் போனால் சோழவந்தான் பக்கம் நெல் வயலும் வெற்றிலைக் கொடிக்காலும் இருக்கின்றன. உண்மையான விவசாயி ஒருவரோடு இந்தப் பிள்ளைகளை அரை நாள் இருக்க விடலாம். சரி, அவ்வளவு தூரம்கூட வேண்டாம். பள்ளிக் கழிப்பறையைத் தினமும் கழுவுகிற அக்காவும், இத்தனை பிள்ளைகளைப் பத்திரமாக ஏற்றி இறக்கும் வேன் அண்ணனும் அந்தக் காம்பவுண்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். ‘நமக்கு உதவுபவர்கள்’ தினத்தன்று அவர்கள் இருவரில் ஒருவரைக் கூப்பிட்டுப் பிள்ளைகளிடம் பேசச் சொன்னார்களா? அந்த அக்கா அன்று முழுக்க மேடைக்குப் பின்னால் ஜிகினாத் தூளைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

அதே வகுப்பில், கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்த ஒரு பையன் இருக்கிறான். அப்பா லோடு வேலை. அவன் அன்று யூனிஃபார்மில்தான் வந்தான். அவர்கள் வீட்டில் வாட்ஸ்அப் இருக்கிற போன் அப்பாவிடம் மட்டும்தான், அவர் இரவு வேலைக்குப் போய்விடுவார். யாரும் அவனைத் திட்டவில்லை. கடைசி வரிசையில் உட்காரச் சொன்னார்கள், குரூப் போட்டோவில் ‘கலர் மேட்ச் ஆகாது’ என்று ஓரமாக நிற்கச் சொன்னார்கள். ஃபீஸ் வாங்காமல் சேர்த்துக்கொள்ளச் சட்டம் சொல்கிறது, சேர்த்துவிட்டார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு ‘டே’க்கும் ஒரு கட்டணத்தை அந்த வீட்டு வாசலில் வைக்கிறார்களே, அதை எந்த ரசீதில் எழுதுவது?

வியாழன் மாடல். நீர் சுழற்சி. தெர்மாகோல், போஸ்டர் கலர், பஞ்சு, ஃபெவிகால். இரண்டாம் வகுப்புப் பிள்ளையால் தெர்மாகோல் வெட்ட முடியுமா? பிளேடைத் தொட விடுவோமா? அவள் ஒன்பது மணிக்குத் தூங்கிவிட்டாள், அவள் அப்பா நள்ளிரவு வரை மேகம் ஒட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் முதல் பரிசு, கடையில் ஆர்டர் கொடுத்துச் செய்து வாங்கிய மாடலுக்கு. பரிசு கொடுத்தவர்களுக்கு அது தெரியாமல் இல்லை. 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் தெர்மாகோல் தட்டுக்கும் கப்புக்கும் தடை இருக்கிறது, அது மட்காது என்பதற்காகத்தான். இதே பள்ளி பிள்ளைகளை வெயிலில் நடக்கவிட்டுப் பிளாஸ்டிக் ஒழிப்பு ஊர்வலம் நடத்தியது. சனிக்கிழமை போய்ப் பார்த்தால் அத்தனை மாடல்களும் உடைந்து சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் குப்பையாகக் கிடக்கின்றன. அந்த வாரத்துக்கு முன்னால் ஒரு நாள் மகள் இட்லிச் சட்டி மூடியைப் பார்த்து, ‘மேல தண்ணி எப்படிம்மா வந்துச்சு?’ என்று கேட்டிருந்தாள். நீர் சுழற்சி அதுதான். ஒரு சட்டியும் ஒரு மூடியும் போதும். பைசா செலவில்லை.

வெள்ளிக்கிழமை பற்றி நீட்ட விரும்பவில்லை. சிறப்பு விருந்தினர் வரத் தாமதமாகி, முட்டிவலிக்காரரான என் மாமியாரைப் பிளாஸ்டிக் சேரில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். பேத்தியோடு அவர் பேசிய நேரம், போட்டோ எடுத்த நேரம் மட்டும்.

அப்புறம் அந்தச் சனிக்கிழமை பிடிஎஃப். பலூன், பழத்தட்டு, மீசை, தெர்மாகோல், பொன்னாடை எல்லாம் இருந்தன. இல்லாத செய்தி எது தெரியுமா? வகுப்பில் இரண்டு பிள்ளைகளுக்குச் சின்னம்மை வந்திருந்தது. எனக்கு இன்னொரு அம்மா சொல்லித்தான் தெரியும். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே அது பரவும், தொற்றிய பிள்ளைக்கு அறிகுறி வெளியே வரப் பத்திலிருந்து இருபத்தொரு நாள்வரை ஆகும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால், கைக்குழந்தை இருந்தால், முன்கூட்டியே தெரிவது எவ்வளவு முக்கியம்! அதே வாரம் வயதான தாத்தா பாட்டிகளையும் அந்தக் கூட்டத்துக்குள் அழைத்தார்கள். பெயரெல்லாம் வேண்டாம், ‘வகுப்பில் சின்னம்மை இருக்கிறது, கவனமாக இருங்கள்’ என்ற ஒரு வரி போதும். அது வரவில்லை. கணக்கு எடுத்த மிஸ் பாதியில் வேலையை விட்டுப் போனதும் வரவில்லை. குடிநீர் வடிகட்டி ரிப்பேர் ஆனதும் வரவில்லை. ரெட் டேக்கு மட்டும் மூன்று நினைவூட்டல் வரும்.

மிஸ்களை நான் குறை சொல்லவில்லை. சொற்பச் சம்பளத்துக்கு, மாலை ஆறு மணிவரை நின்று சார்ட் ஒட்டுவதும் பலூன் ஊதுவதும் அவர்கள்தான். இது நிர்வாகத்தின் வேலை. அட்மிஷன் சமயத்தில் தெருமுனை ஃபிளெக்ஸில் யார் முகம் வருகிறது என்று பாருங்கள், இதே ஆக்டிவிட்டி வாரப் படங்கள்தான். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பள்ளிப் பக்கம் அந்தக் காற்றே வீசவில்லை.

செயல்பாடே வேண்டாம் என்றா சொல்கிறேன்? செயல்பாட்டை நம் ஊர் பார்த்ததே இல்லையா? 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது, சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து தங்கள் அட்டையைத் தாங்களே எடுத்துப் படித்தார்கள். சுவரில் தாழ்வாகப் பெயிண்ட் அடித்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத ஓர் இடம் கொடுத்தார்கள். 2022-இல் அரசுப் பள்ளிகளில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. என் நாத்தனார் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலைக்கு ஏற்பப் பாட்டு, பொம்மலாட்டம், புளியங்கொட்டை வைத்துக் கூட்டல் என்று நடக்கிறது. புளியங்கொட்டையை எண்ணுவது பிள்ளை, பெற்றோர் இல்லை. அங்கேயும் குறை இருக்கிறது. எமிஸ் என்கிற கல்வித் துறையின் இணையதளத்தில் பதிவேற்றவும் போட்டோ எடுத்து அனுப்பவும் பாதி நேரம் போய்விடுகிறது, போனைப் பார்ப்பதா பிள்ளையைப் பார்ப்பதா என்று நாத்தனாரும் புலம்புகிறார். ஆனால் அவர் வகுப்பில் ஒரு பிள்ளையின் வீட்டுக்கும் இரவு ஒன்பதரைக்கு ‘மாதுளை கொண்டு வா’ என்று செய்தி போவதில்லை.

2018 மே மாதம் நீதிபதி கிருபாகரன் அமர்வில் சென்னை உயர் நீதிமன்றம் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசும் மாநிலங்களுக்கு அதையே சொன்னது. சரி, நோட்டில் எழுதும் வீட்டுப்பாடம் குறைந்தது. அது ஆக்டிவிட்டி என்ற பெயரில் பெற்றோர் தலையில் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. செயல்பாடு, தேடல், கண்டறிதல் வழியாகப் பிள்ளை கற்க வேண்டும் என்றுதான் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு சொல்கிறது. பிள்ளை தேட வேண்டும். அவள் அப்பா நள்ளிரவில் ஃபெவிகால் தேடுவதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

பெற்றோர் கூட்டத்தில் இதையெல்லாம் கேட்டேன். ‘மத்த பேரண்ட்ஸ் யாரும் சொல்லலையே மேடம்’ என்றார் தாளாளர். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டார்கள். வெளியே வந்ததும், ‘நல்லா கேட்டீங்க’ என்று கையைப் பிடித்தார்கள். அந்தக் கையை உள்ளே தூக்கியிருந்தால் என்ன? பிள்ளையை ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம்தான், எனக்கும் அது புரிகிறது.

அதனால் இப்போது எழுதியே கொடுத்திருக்கிறேன். என் மகள் பள்ளியில் உட்கார்ந்து தன் கையால் செய்வதைத்தான் இனி சமர்ப்பிப்பாள், கோணலாக இருந்தாலும் சரி. வேடம் வாடகைக்கு எடுக்க மாட்டேன். அவள் படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்த அனுமதி இல்லை. தொற்று நோய் வந்தால் அன்றைக்கே எல்லாப் பெற்றோருக்கும் தெரிவிக்க வேண்டும். கடிதத்தின் நகலில் அலுவலக முத்திரை போட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அதே வகுப்புப் பெற்றோர் யாராவது இதைப் படித்தால், நகல் தருகிறேன், கையெழுத்துப் போட்டு உங்கள் பெயரிலும் ஒன்று கொடுங்கள். அடுத்த கூட்டத்தில் ‘யாரும் சொல்லலையே’ என்று அவர் சொல்லக் கூடாது.