டேஷ்போர்டுக்கு முன்னால் எல்லைக்கல்லைக் கண்டுபிடியுங்கள்

காட்டையும் உயிரினங்களையும் காக்கிற அரசுத் துறை ஒன்றுக்கு வரைபட வேலை செய்து பிழைப்பவன் நான். சமீபத்தில் ஒரு கூட்டம். 'புவியிடத் தரவு உத்தி' என்று முதல் ஸ்லைடில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு வந்த எல்லா ஸ்லைடுகளிலும் ட்ரோன், செயற்கை நுண்ணறிவு, தகவலை உடனுக்குடன் திரையில் காட்டும் நேரலை டேஷ்போர்டு. பக்கத்தில் இருந்தவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு, "இதுல நம்ம காட்டோட எல்லை எங்கே இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார். கிண்டலுக்குத்தான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் அந்தக் காட்டுக்கு எங்களிடம் மூன்று எல்லைகள் இருக்கின்றன. ஒன்று, பழைய காகித வரைபடத்தை ஸ்கேன் செய்து அதன் மேல் யாரோ கோடு இழுத்தது. இரண்டாவது, ஓர் ஆய்வுத் திட்டத்துக்காக வெளியாட்கள் செய்து கொடுத்துவிட்டுப் போனது. மூன்றாவதன் பெயர் 'எல்லை_ஃபைனல்_புதுசு_2'. யார் செய்தார்கள், எப்போது, எதை வைத்து? கேட்டால் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் போட்டால் வடக்குப் பக்கம் வேடிக்கை. ஒரு கோடு ஓடைக்கு இந்தப் பக்கம், இன்னொன்று அந்தப் பக்கம், மூன்றாவது தண்ணீருக்கு நடுவே நீந்திக்கொண்டு போகிறது.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. பழைய வரைபடங்கள் பூமியின் வடிவத்தை அந்தந்த நாட்டுக்குப் பொருந்துகிற மாதிரி கணக்கிட்டு வரையப்பட்டவை. ஜிபிஎஸ் பயன்படுத்துவது உலகம் முழுவதற்கும் பொதுவான டபிள்யூஜிஎஸ் 84 என்கிற கணக்கு. ஒன்றை மற்றொன்றுக்கு முறையாக மாற்றாமல் அப்படியே கணினியில் ஏற்றினால் கோடு நூறு மீட்டர், சில இடங்களில் அதற்கும் மேலே நகர்ந்து உட்காரும். போதாததற்கு, வரைபடக் கோடுகளையும் புள்ளிகளையும் நாங்கள் சேமித்து வைக்கிற ஷேப்ஃபைல் வேறு. பெயர்தான் ஒரு ஃபைல். உண்மையில் குறைந்தது மூன்று கோப்புகள் சேர்ந்தால்தான் அது திறக்கும். எந்த ஆள்கூற்று முறை, அதாவது இடத்தை எந்தக் கணக்கில் எண்ணாக்கியிருக்கிறது என்று சொல்லும் கோப்பு நான்காவது. பென்டிரைவில் கைமாறும்போது சரியாக அந்த நான்காவதுதான் விட்டுப்போகும். அது இல்லாமலும் படம் திறந்துவிடும் என்பதால் யாருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைக்கிற ஜியோபேக்கேஜ் 2014-லேயே தரமாக வந்துவிட்டது. நாங்கள் இன்னும் மாறவில்லை.

சரி, நூறு மீட்டரில் என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்கலாம். காட்டுத்தீ எச்சரிக்கையைப் பாருங்கள். விர்ஸ் என்கிற செயற்கைக்கோள் கருவி தரும் சிவப்புப் புள்ளி டேஷ்போர்டில் அழகாக மின்னும். சுமார் 375 மீட்டர் அகலமுள்ள ஒரு கட்டத்தின் நடுவில்தான் அந்தப் புள்ளியை வைக்கிறார்கள். தீ அந்தக் கட்டத்தின் எந்த மூலையிலும் இருக்கலாம். புள்ளியே அப்படி, அதற்குக் கீழே கிடக்கும் எல்லைக்கோடும் ஆடுகிறது என்றால், "அது எங்க பக்கம் இல்லை" என்று இரண்டு அலுவலகங்களும் மனசாட்சிக்கு விரோதமில்லாமல் சொல்லலாம். ஒரு முறை சொன்னார்கள். அவர்கள் பேசி முடிப்பதற்குள் புல்வெளி கருகிவிட்டது.

களத்திலிருந்து வரும் தரவின் கதை தனி. 10 பாகை 30 கலை என்று வனக்காவலர் நோட்டில் சரியாகத்தான் எழுதியிருப்பார். எக்செலில் ஏற்றுபவர் அதை 10.30 என்று அடிப்பார். 30 கலை என்பது அரைப் பாகை, அதாவது 10.5 என்று வரவேண்டும். இந்த ஒரு தட்டலில் இடம் ஏறக்குறைய 22 கிலோமீட்டர் தள்ளிப்போகிறது. கட்டத்தை நிரப்பாமல் விட்டால் மென்பொருள் சுழியம், சுழியம் என்று எடுத்துக்கொள்ளும். அது ஆப்பிரிக்காவுக்கு மேற்கே அட்லாண்டிக் கடல். எங்கள் கணக்கில் அங்கே ஒரு கரடி வெகுநாளாக வசித்து வந்தது. நான்தான் கரையேற்றினேன்.

என் கருத்து இவ்வளவுதான்: வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் ஒவ்வொரு லேயருக்கும் பொறுப்பான ஓர் ஆள் வேண்டும். எல்லைக்கு ஒருவர், நீர்நிலைக்கு ஒருவர், விலங்குப் பதிவுக்கு ஒருவர். குழு என்று போட்டால் யாரும் இல்லை என்று அர்த்தம். அவர் கையில் இருப்பதுதான் துறையின் மூலம், மற்றதெல்லாம் நகல் என்று ஒரு உத்தரவு போதும். இதற்கு டெண்டர் தேவையில்லை. அதனால்தான் யாருக்கும் இதில் ஆர்வமில்லையோ என்றுகூடச் சில நாள் தோன்றும்.

செயற்கைக்கோள் படம் வாங்கவும் இப்போதெல்லாம் பெரிய செலவு கிடையாது. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள்களின் படங்கள் 1972-லிருந்து இருக்கின்றன, 2008-லிருந்து இலவசம். ஐரோப்பாவின் சென்டினல்-2 பத்து மீட்டர் துல்லியத்தில் ஐந்து நாளுக்கு ஒரு முறை தருகிறது. மேகம் மூடிய மாதங்களுக்கு, மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் சென்டினல்-1 ரேடார் இருக்கிறது. அந்தப் பணத்தைக் களத்தில் போடலாம்.

எல்லாவற்றையும் பொதுவில் திறந்து வைக்கவேண்டும் என்று சொல்பவர்களோடு நான் பாதி தூரம்தான் போவேன். எல்லை, நிலப்பரப்பு, தீ, தாராளமாகத் திறக்கட்டும். உயிரினம் இருக்கும் சரியான இடம் மட்டும் வேண்டாம். சீனாவில் ஒரு குகைப் பல்லியை 1999-இல் அறிவியல் உலகுக்கு விவரித்து எழுதினார்கள். செல்லப்பிராணி வியாபாரிகளுக்கு அந்தக் கட்டுரையே வழிகாட்டி ஆனது. முதலில் கண்ட இடத்திலேயே அதைப் பிடித்துத் தீர்த்துவிட்டார்கள். பொதுமக்கள் தாங்கள் கண்ட உயிரினங்களைப் பதிகிற ஐநேச்சுரலிஸ்ட் தளம், அருகிவரும் உயிரினங்களின் புள்ளியை 0.2 பாகைக் கட்டத்துக்குள் மறைத்துக் காட்டுவது இதனால்தான். சரியான இடம் உள்ளே, மங்கலான இடம் வெளியே. எது எந்த வகை என்று முன்பே எழுதி வைக்காத துறை, ஒரு நாள் அவசரத்தில் மொத்தத்தையும் மின்னஞ்சலில் அனுப்பிவிடும்.

கூட்டம் முடிந்த வாரமே அந்த வடக்கு ஓடைக்குப் போனேன். பல வருடமாக அங்கேயே ரோந்து போகிறவர் ஒருவர் கூட வந்தார். "கல்லுதானே, வாங்க சார்" என்று புதரை விலக்கினார். பாதி புதைந்து, பாசி பிடித்து, எண் செதுக்கிய எல்லைக்கல். மரநிழலில் ஜிபிஎஸ் தடுமாறியது. கருவியைக் கல்லின் தலையில் வைத்துப் பத்து நிமிடம் காத்திருந்து சராசரி எடுத்தோம். மூன்று கோப்புகளில் எதுவும் அந்தக் கல்லைத் தொடவில்லை. தேதி, கருவி, பிழை அளவு, என் பெயர் எல்லாம் அங்கேயே பதிந்துவிட்டு, "உங்க பெயரையும் போடட்டுமா?" என்றேன்.

"எனக்கெதுக்கு சார்?"

"நாளைக்கு யாராவது சந்தேகப்பட்டா யாரைக் கேட்கிறது?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப போட்டுக்கோங்க. அடுத்த கல்லு ஓடைக்கு அந்தாண்ட இருக்கு. மழைக்கு முன்னாடி வந்துடுங்க, அப்புறம் இறங்க முடியாது."