கேள்வி கேட்டால் கோபப்படும் டொக்டரிடம் அம்மாவின் கண்ணைக் கொடுக்க மாட்டேன்

வெள்ளவத்தையில் நாலு பேரிடம் "அம்மாவுக்குக் கண் ஒப்பரேஷன் செய்ய வேணும், நல்ல டொக்டர் ஆர்?" என்று கேட்டுப் பாருங்கள். "இன்னாரிட்டக் காட்டுங்கோ, நல்ல கைராசி" என்பார் ஒருவர். "அவரிட்ட நம்பரே எடுக்கேலாது, அவ்வளவு சனம்" என்பார் இன்னொருவர். "எங்கட மாமிக்கு அவர்தான் செய்தவர், இப்ப கண்ணாடி இல்லாமப் பேப்பர் வாசிக்கிறா" என்று வேறொருவர் சொல்வார். எல்லாரும் அக்கறையில்தான் சொல்கிறார்கள், அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இத்தனை தனியார் வைத்தியசாலைகள் உள்ள கொழும்பில், எங்கள் கண்ணுக்குள் கத்தி வைக்கப் போகிறவரைப் பற்றி நாங்கள் அறிய முடிவது இந்த மூன்றும்தான் என்றால் அது பெரிய வெட்கக்கேடு.

சனம் கூடுவதை வைத்து ஒரு டொக்டர் பிரபலமானவர் என்று சொல்லலாம், அதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது. காலையில் அரச வைத்தியசாலையில் கடமை, பின்னேரம் இரண்டு மூன்று தனியார் வைத்தியசாலைகளில், காசு கட்டி நம்பர் எடுத்துக் காட்டும் சனலிங். ஆறு மணி என்று நம்பர் தருவார்கள், டொக்டர் எட்டு மணிக்கு வருவார். கண்மணியை விரிக்கும் சொட்டை விட்டுவிட்டு, வயதானவர்களை ஏசிக் குளிரில் கண்ணை மூடியபடி வரிசையாக இருத்தி வைத்திருப்பார்கள். உள்ளே போனால் கருவியில் நாடியை வைக்கச் சொல்லி வெளிச்சம் அடித்துப் பார்ப்பார். "கட்டரக்ட் முத்திப் போச்சு, செய்வம். வெளியில மிஸ் விபரம் சொல்லுவா." அவ்வளவுதான். கதிரையை விட்டு எழும்புவதற்குள் அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

சரி, அந்த மிஸ் சொல்லும் விபரம் என்ன? கட்டரக்ட் எனும் கண்புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸ்களின் விலைப்பட்டியல். இந்த லென்ஸ் இவ்வளவு, அந்த லென்ஸ் அவ்வளவு, இது இந்தியா, அது அமெரிக்கா. அம்மாவுக்கு எது பொருத்தம் என்று கேட்டால், "கூடின விலைதான் நல்லது அண்ணா" என்கிறார் அந்தப் பிள்ளை. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதான். சாகும்வரை கண்ணுக்குள் இருக்கப் போகிற ஒரு பொருளைக் காசு கட்டும் கவுண்டரில் வைத்துத் தெரிவு செய்ய விடுகிறார்களே, அதுதான் நெஞ்சைக் கொதிக்க வைக்கிறது.

விலை கூடிய லென்ஸ் எல்லாருக்கும் நல்லதல்ல. தூரம், கிட்ட இரண்டும் தெரியும் என்று விற்கப்படும் மல்டிபோகல் லென்ஸ் கண்ணுக்குள் வரும் ஒளியைப் பங்குபோட்டுத்தான் அந்த வேலையைச் செய்கிறது. இரவில் வாகன விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியலாம், மங்கிய வெளிச்சத்தில் பார்வையின் தெளிவு குறையலாம். சீனி வருத்தத்தால் விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகியிருப்பவருக்கு அதை வைத்தால், இருக்கிற கொஞ்சத் தெளிவும் குறையும். அப்படிப்பட்டவருக்குத் தூரத்தை மட்டும் தெளிவாக்கும் சாதாரண மோனோபோகல் லென்ஸும் வாசிக்க ஒரு கண்ணாடியும்தான் பெரும்பாலும் நல்லது. இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். விழித்திரையை ஒழுங்காகப் பார்த்த டொக்டர்தான் இதைச் சொல்ல முடியும். கவுண்டரில் இருப்பவரால் எப்படி முடியும்?

அளவெடுப்பதும் அப்படித்தான். லென்ஸின் பவரைக் கணக்கிட, கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளக்கிறார்கள். நீளத்தில் ஒரு மில்லிமீற்றர் பிழைத்தால் முடிவு ஏறக்குறைய இரண்டரை, மூன்று பவர் மாறிப் போகும். அம்மாவுக்கு எடுத்த அளவின் பிரதியைக் கேட்டேன். "அது உங்களுக்கு விளங்காது" என்றார்கள். விளங்குமா விளங்காதா என்பது என் பாடு. அது என் அம்மாவின் கண்.

அப்புறம்தான் டொக்டரிடமே நேரடியாகக் கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன். "டொக்டர், நீங்கள் மாதத்தில் எத்தனை செய்கிறீர்கள்? உள்ளே இருக்கிற பை கிழிந்தது எத்தனை தடவை?" அவர் முகம் மாறியது. "நம்பிக்கை இல்லாட்டி வேற ஆளிட்டப் போங்கோ" என்றார். பக்கத்தில் இருந்த அம்மா என் கையைப் பிடித்து, "சும்மா இரு தம்பி, டொக்டரோட வாதாடாத" என்றா. அம்மாவுக்காக வாயை மூடிக்கொண்டேன், முதல் கண்ணை அவரிடமே செய்தோம்.

இதில் வாதம் எங்கே இருக்கிறது? எங்கள் கண்ணின் இயற்கை லென்ஸான வில்லை ஒரு மெல்லிய பைக்குள் இருக்கிறது. கண்புரைச் சத்திரசிகிச்சையில் மங்கிய வில்லையை உடைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, அதே பைக்குள்தான் புது லென்ஸை வைக்கிறார்கள். அந்தப் பையின் பின்பக்கம் சில வேளைகளில் கிழியும். கிழிந்தால் கண்ணின் உள்ளே இருக்கும் கூழ் போன்ற பொருள் முன்னுக்கு வந்துவிடும், லென்ஸ் வைப்பது சிக்கலாகும், விழித்திரை நிபுணரின் உதவியும் தேவைப்படலாம். தேர்ந்த கைகளிலும் இது நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவில் நடக்கும். நடப்பது குற்றமே இல்லை. "எனக்கு இத்தனை நடந்தது, நடந்தால் இப்படிச் சமாளிப்பேன்" என்று சொல்கிறவரைத்தான் நான் நம்புவேன். தன் கணக்கைத் தானே வைத்திருக்காதவர் ஒருவர், வைத்திருந்தும் சொல்ல விரும்பாதவர் இன்னொருவர். இருவரிடமும் எங்களைக் கண்ணை மூடிக்கொண்டு படுக்கச் சொன்னால் எப்படி?

லண்டனில் இருக்கும் என் பெரியப்பாவின் மகனுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. பிரித்தானியாவில் கண்புரைச் சத்திரசிகிச்சைக்கென்றே ஒரு தேசியக் கணக்காய்வு நடக்கிறது. எந்த வைத்தியசாலையில் பை கிழிந்த வீதம் என்ன, பார்வை குறைந்துபோன வீதம் என்ன என்று யாரும் பார்க்கும்படி வெளியிடுகிறார்கள். கடினமான கண்களை ஏற்கும் நிபுணருக்கு அநியாயம் நடக்காதபடி, நோயாளிகளின் நிலைமையையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். இங்கே எங்கள் நிபுணர்களில் எத்தனையோ பேர் மேற்படிப்புப் பயிற்சிக்காக அதே நாட்டுக்குப் போய் வந்தவர்கள். அங்கே இருக்கும்போது தங்கள் கணக்கைக் காட்டத் தயங்காதவர்கள், கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்து இறங்கியதும் ஏன் மாறிப் போகிறார்கள்?

எங்களால் சரிபார்க்க முடிந்ததும் கொஞ்சம் இருக்கிறது, அதையாவது செய்வோம். இலங்கை மருத்துவ சபையின் இணையதளத்தில் பெயரைப் போட்டு, பதிவு இருக்கிறதா என்று பார்க்கலாம். நிபுணர்களுக்குத் தனிப் பதிவேடு உண்டு. இங்கே கண் நிபுணராக வருகிறவர் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் கண் மருத்துவத்தில் எம்.டி. முடித்து, பயிற்சியும் முடித்து, அதற்குப் பிறகுதான் நிபுணர் சான்று பெறுகிறார். பெயருக்குப் பின்னால் ஒரு முழம் நீளத்துக்கு எழுத்துக்கள் இருப்பதை வைத்து மயங்க வேண்டாம். அதில் எது பட்டம், எது சங்க அங்கத்துவம் என்று கேளுங்கள். காலி வீதிக் கண்ணாடிக் கடைகளில் கண்ணைச் சோதிக்கிறவர் பெரும்பாலும் மருத்துவரே அல்ல. அவர் "இந்த ஹொஸ்பிடலுக்குப் போங்கோ" என்று ஒரு துண்டு எழுதித் தந்தால், ஏன் அங்கே என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

கண் நிபுணர்களுக்குள்ளும் பிரிவுகள் உண்டு: விழித்திரை, கருவிழி, குளுக்கோமா எனும் கண் அழுத்த நோய், குழந்தைகளின் கண். எங்கள் வீடுகளில் சீனி இல்லாத முதியவர் யார்? சீனி உள்ளவருக்குச் சொட்டு விட்டு விழித்திரையை முழுதாகப் பார்க்காமல் "கட்டரக்ட், செய்வம்" என்று ஒருவர் சொன்னால், அந்த இடத்திலேயே எழும்பி வந்துவிடலாம். இன்னொரு அடையாளமும் சொல்கிறேன். சிறுநீர்த் தடைக்கு டாம்சுலோசின் குளிசை எடுக்கிறாரா என்று ஒரு நல்ல நிபுணர் உங்கள் அப்பாவிடம் கட்டாயம் கேட்பார். அந்தக் குளிசை எடுப்பவர்களுக்குச் சத்திரசிகிச்சையின்போது கண்மணி சுருங்கி, அதைச் சுற்றியுள்ள திரை தொளதொளத்துப் போகலாம் என்பது 2005இலிருந்தே கண் மருத்துவர்களுக்குத் தெரிந்த விடயம். எடுக்கிற குளிசை எல்லாவற்றையும் பையோடு கொண்டுவாருங்கள் என்கிற டொக்டர் பிழைவிடாமல் இருக்கப் பார்க்கிறார். கல்யாணத்துக்கு முன் கண்ணாடியைக் கழற்ற லேசர் செய்யப் போகிற இளம் பிள்ளைகளும் கேளுங்கள்: கருவிழியின் வடிவத்தையும் தடிப்பையும் அளந்து பார்த்து, "உனக்குச் செய்யக் கூடாது" என்று சிலரைத் திருப்பி அனுப்புகிற இடமா அது? வருகிற எல்லாருக்கும் செய்கிற இடம் வேண்டாம்.

தமிழர்களாகிய எங்களுக்கு இதற்கு மேலும் ஒரு பாரம். தமிழ் இந்த நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று என்று 1987இலேயே அரசியலமைப்பில் எழுதியாயிற்று. அம்மாவிடம் கையெழுத்து வாங்கிய சம்மதப் படிவம் முழுதும் ஆங்கிலம். தவிர்க்க முடியாத ஆபத்துகள், லென்ஸ் வகை, யார் செய்வது எல்லாம் அதில்தான் இருந்தன. "இதில சைன் வையுங்கோ" என்று பெருக்கல் குறி போட்ட இடத்தைக் காட்டினார்கள், அவ்வளவுதான். அதைவிடப் பயங்கரம் தியேட்டருக்குள். கண்புரைச் சத்திரசிகிச்சையில் பெரும்பாலும் முழு மயக்கம் கொடுப்பதில்லை. கண்ணை மட்டும் மரக்கச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே செய்கிறார்கள். "லைட்டைப் பாருங்க, அசையாதீங்க, இருமல் வந்தா சொல்லுங்க" என்று அந்த நேரத்தில் சொல்வது அவருக்கு விளங்க வேண்டும். என் அம்மாவுக்குச் சிங்களம் சந்தையில் விலை பேசும் அளவுக்குத்தான் தெரியும். கண்ணுக்குள் கருவி இருக்கும்போது, விளங்காத மொழியில் ஒரு குரல் கேட்டால் மனிசர் திரும்பித்தானே பார்ப்பார்கள்! உள்ளே தமிழ் தெரிந்த ஒருவர் நிற்பாரா என்று கேட்டேன். "அதெல்லாம் பிரச்சினை இல்ல" என்று பதில் வந்தது. யாருக்குப் பிரச்சினை இல்லை?

இந்த இடத்தில்தான் எங்கள் ஆட்கள் மதுரைக்கும் சென்னைக்கும் ஏன் பறக்கிறார்கள் என்று விளங்குகிறது. 1976இல் பதினொரு கட்டிலோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் வைத்தியசாலையில், லென்ஸையும் செலவையும் தமிழில் உட்கார்ந்து விளக்குவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் நிபுணர்களின் கைத்திறன் குறைந்தது என்று நான் சொல்லவில்லை. லிப்டன் சுற்றுவட்டத்துக்குப் பக்கத்தில் தேசிய கண் வைத்தியசாலையில் நோயாளியிடம் ஒரு சதமும் வாங்காமல் வேலை செய்கிற நிபுணர்களை வெறுங்கையோடு கும்பிடலாம். மக்கள் விமானம் ஏறுவது மரியாதையாக ஒரு பதில் கேட்கத்தான்.

செய்த பிறகு? அங்கேதான் எனக்கு நெஞ்சு வெடித்தது. வீட்டுக்கு வந்த சில நாளில் ஓர் இரவு அம்மாவின் கண் சிவந்து, குத்தத் தொடங்கியது. பார்வையும் மங்கியது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு நோவு, சிவப்பு, பார்வை குறைதல் மூன்றும் சேர்ந்தால் உள்ளே கிருமித்தொற்றாக இருக்கலாம், அதற்குச் சில மணி நேரத்துக்குள் கண்ணுக்குள் ஊசி போட வேண்டி வரும். தந்த நம்பருக்கு எடுத்தால், "டொக்டர் செவ்வாய்க்கிழமைதான் வருவார், நம்பர் போடட்டா?" என்கிறார்கள். செவ்வாய்க்கிழமை! அம்மாவை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு அரச வைத்தியசாலைக்கு ஓடினோம். கடமையில் இருந்த இளம் மருத்துவர், சிங்களப் பிள்ளை, தனக்குத் தெரிந்த தமிழில் "அம்மா பயப்படவேணாம்" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். கண்ணின் பிரஷர் ஏறியிருந்தது, கிருமி இல்லை. மருந்தோடு இறங்கியது. லட்சக்கணக்கில் காசு வாங்கியவர்கள் தொலைபேசிக்குக்கூட வராத இரவில், ஒரு சதமும் வாங்காத அந்தப் பிள்ளைதான் எங்களோடு நின்றார்.

ஆகவே ஒப்பரேஷனுக்கு முன்னரே கேளுங்கள்: ஞாயிறு இரவு கண் நொந்தால் யாருக்கு எடுப்பது? பதில் ஒரு தொலைபேசி இலக்கமாக இருக்க வேண்டும், "அப்படி ஒன்றும் வராது" என்று இருக்கக் கூடாது. யார் கையால் செய்யப்படும் என்றும் கேளுங்கள். லென்ஸ் பெட்டியில் வகை, பவர், தொடர் இலக்கம் போட்ட ஒட்டுத்தாள் இருக்கும், அதை உங்கள் அட்டையில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். நாளைக்கு ஏதாவது நடந்தால் உள்ளே என்ன வைத்தார்கள் என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் சாட்சி அதுதான். எங்களுக்குத் தந்த பில்லில் பஞ்சுக்கும் கையுறைக்கும் தனித்தனி விலை இருந்தது. சத்திரசிகிச்சைக் குறிப்பின் பிரதியைக் கேட்டதற்கு, "அது ஹொஸ்பிடல் பைல்" என்றார்கள்.

தனியார் வைத்தியசாலைகளைக் கண்காணிக்க 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் ஓர் ஒழுங்குமுறைச் சபை இருக்கிறது. அதற்கு நாங்கள் எழுதியிருக்கிறோம். தமிழில்தான் எழுதினோம். கூடவே, கண் சத்திரசிகிச்சை செய்யும் ஒவ்வொரு இடமும் தன் கணக்கை வருடாவருடம் வெளியிட வேண்டும் என்றும் கேட்டிருக்கிறோம்.

அம்மாவின் மற்றக் கண்ணும் மங்கிக்கொண்டு வருகிறது. அடுத்த கிழமை வேறொரு நிபுணரிடம் நம்பர் எடுத்திருக்கிறோம். கேள்விகள் எல்லாவற்றையும் தாளில் எழுதி வைத்தாயிற்று, அம்மாவும் இரண்டு சேர்த்திருக்கிறா. முதல் கேள்விக்கே அவர் முகம் மாறினால், சனலிங் காசு போனால் போகட்டும் என்று எழும்பி வந்துவிடுவோம்.