கட்டாயம் இல்லை, அனுமதி

'அமெரிக்காவில் அரசு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்திலும் காணாமல் போன குழந்தையின் படம் இருந்தாக வேண்டும், அது சட்டம்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. 1985-இல் வந்த சட்டம், தபால்தலை ஒட்டாமல் போகும் அரசுத் தபாலை இதற்குப் பயன்படுத்தலாம் என்று அனுமதி மட்டும்தான் தருகிறது. பொது நெறிமுறைகளை நீதித்துறையின் கீழுள்ள சிறார் நீதி அலுவலகம் வகுக்கும். அதை வைத்து ஒவ்வொரு துறையும் தன் விதிகளை எழுதிக்கொள்ளும்.

யார் படம் கொடுத்தாலும் அச்சிட்டுவிடுவார்கள் என்பதும் தவறு. படங்கள் 1984-இல் தொடங்கிய காணாமல் போன குழந்தைகளுக்கான தேசிய மையத்திலிருந்து வருகின்றன. பெற்றோர் சம்மதமும் வேண்டும். பல துறைகளின் விதிகளில் நான் மிகவும் மதிக்கும் பகுதி ஒன்று உண்டு: குழந்தை கிடைத்துவிட்டாலோ, பெற்றோர் சம்மதத்தைத் திரும்பப் பெற்றாலோ, அந்தப் படம் அச்சிட்ட தபால் உறைகளை மூன்று மாதத்துக்குள் புழக்கத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். வீடு திரும்பிய பிள்ளையின் முகம் வருடக்கணக்கில் ஊரெல்லாம் சுற்றக்கூடாது அல்லவா?

உறையில் இடம்கூட கணக்குதான். அனுப்புநர் முகவரி, இயந்திரம் படிக்கும் பட்டைக்கோடு இருக்கும் பகுதிகளில் படம் வரக்கூடாது.

அப்புறம், உறை மட்டுமே வழி என்றும் நினைக்க வேண்டாம். அங்கே வருமான வரித்துறையின் படிவ விளக்கப் புத்தகங்களில், வெற்றுத்தாளாகப் போயிருக்கும் பக்கங்களில் இந்தக் குழந்தைகளின் படங்கள் வருகின்றன. அங்கே பால் விற்கும் அட்டைப்பெட்டிகளில் அச்சான காணாமல் போன குழந்தைகளின் படங்கள் வேறு கதை. அவை தனியார் பால் நிறுவனங்கள் செய்தவை.