லேகியத்திலும் வெல்லம் இருக்கிறது

தீபாவளி நாட்களில் இனிப்பைக் குறையுங்கள், நன்றாகத் தூங்குங்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சொல்லியிருப்பது சரிதான். ஆனால் பலகாரம் செய்கிறவர் எப்படித் தூங்க முடியும் என்பதையும் எழுதியிருக்க வேண்டும்.

எங்கள் அம்மா நான்கு நாள் அடுப்படியிலேயே நிற்பார். முறுக்கு, அதிரசம், மைசூர்பாகு, அப்புறம் அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தட்டு. இரண்டு வருடம் முன்பு, விடிகாலை 4 மணிக்கு எழுந்து எல்லோருக்கும் எண்ணெய் வைத்தவர், தன்னுடைய சர்க்கரை மாத்திரையை மறந்துவிட்டார். மாலையில் தலைசுற்றி உட்கார்ந்தபோது சோதித்துப் பார்த்தால் 340. அன்று அவர் இனிப்பைப் பெரிதாகத் தொடவில்லை. லேகியத்தைத்தான், மருந்துதானே என்று, இரண்டு மூன்று உருண்டை சாப்பிட்டிருக்கிறார். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் என்று என்ன போட்டாலும் அதைக் கிளறுவது வெல்லப்பாகில். சர்க்கரை உள்ளவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.

போன வருடம் வீட்டில் முறுக்கு மட்டும்தான். இனிப்பைத் தெருமுனை அக்காவிடம் சொல்லி வாங்கிக்கொண்டோம். மாத்திரை டப்பாவை முதல் நாள் இரவே எண்ணெய்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். மதியம் அம்மா இரண்டு மணி நேரம் தூங்கினார். தீபாவளியன்று அவர் பகலில் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இன்னொன்று, புகை. தமிழகத்தில் 2018இல் இருந்து வெடிக்குக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் வைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் பத்து மணி தாண்டியும் வெடிக்கிறார்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் ஜன்னலைச் சாத்திவிட்டு, இன்ஹேலரைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.