வெள்ளத்தன்று விளக்கெரியும் வீடுகள்

கோடை வந்துவிட்டால் கலிஃபோர்னியாவில் இருக்கும் நம்மவர்கள் பாதிப் பேர் கெர்ன்வில் போய் வந்து படம் போடுவார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து இரண்டு மணி நேரம், ரஷ்யன் ஆற்றங்கரையில் ஏறக்குறைய 4,500 பேர் வாழும் ஊர். நானும் பல வருடம் அப்படிப் போனவன்தான். ஆற்றைப் பார்த்த வீடாக எடுத்து, காற்றடைத்த மிதவையில் படுத்துக் கிடந்துவிட்டு, ஞாயிறு மாலை கிளம்பிவிடுவோம். இடுப்பளவுத் தண்ணீர், சரளைக்கல் கரை. எனக்குத் தெரிந்த ஆறு அவ்வளவுதான்.

ஒரு பிப்ரவரியில் போனபோதுதான் வேறோர் ஆற்றைப் பார்த்தேன். நாங்கள் துண்டு விரித்துப் படுக்கும் கரையே இல்லை. செம்மண் நிறத்தில் தண்ணீர், நடுவில் முழு மரம் ஒன்று உருண்டு போகிறது. பக்கத்து வீட்டில் வயதான அம்மா ஒருவர் தனியாக இருந்தார். வீடு உயரமான தூண்களின் மேல் நிற்கிறது. கீழே எதுவும் வைப்பதில்லை, ஒரு சின்ன அலுமினியப் படகைத் தவிர. தூணில் என் தலைக்கு மேலே ஒரு கோடு கிழித்து 2019 என்று எழுதியிருந்தார். 2019 பிப்ரவரியில் ஆறு 45 அடியைத் தாண்டியது. 32 அடியைத் தொட்டாலே அங்கே வெள்ளம். ஊரே தீவாகி, படகில்தான் போக முடியும் என்று அறிவித்தார்கள். 1986-ல் இதைவிடவும் அதிகம்.

அந்த அம்மா சொன்ன ஒன்றுதான் எனக்குள் தங்கிவிட்டது. முன்பெல்லாம் தண்ணீர் ஏறும் இரவில் தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கெரியும், ஒருவர் வீட்டுச் சாமானை இன்னொருவர் மேலே தூக்கி வைப்பார். இப்போது ஒன்பது வீட்டில் மூன்றில்தான் ஆள். மற்றதெல்லாம் என்னைப் போன்றவர்களுக்கு வார இறுதி வாடகைக்குப் போகிற வீடுகள்.

சுற்றுலா வேண்டாம் என்று சொல்லவரவில்லை. மரம் வெட்டிப் பிழைத்த ஊர் அது, வெட்டிய அடிமரங்களை வைத்து ஸ்டம்ப்டவுன் என்றே ஒரு காலத்தில் பெயர். மரத்தொழில் ஓய்ந்த பிறகு சோறு போட்டது வெளியூர்க்காரர்கள்தான். வாடகை வந்தால்தான் வீட்டைக் காப்பாற்ற முடியும் என்கிற உரிமையாளர்களும் இருக்கிறார்கள், அதுவும் நியாயம். ஆனால் நமக்குக் காபி போட்டுத் தருகிறவர், மிதவை வாடகைக்குத் தருகிறவர் அந்த ஊரில் குடியிருக்க வீடு கிடைக்க வேண்டாமா? அவர்கள் வெளியேறிவிட்டால் தண்ணீர் எந்தத் தெருவில் முதலில் ஏறும், எந்த வீட்டில் படுக்கையில் கிடக்கும் பெரியவர் இருக்கிறார் என்பது யாருக்குத் தெரியும்?

அந்த ஊருக்கென்று தனி நகராட்சி கிடையாது. சொனோமா கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. வார இறுதி வாடகை வீடுகளுக்கு அது கட்டுப்பாடு கொண்டுவந்தபோது நம் நண்பர்கள் பலர் சலித்துக்கொண்டார்கள். எனக்கு அது சரி என்றே படுகிறது. இன்னும் இறுக்கினாலும் ஆதரிப்பேன்.

இப்போது நாங்கள் வீடு எடுப்பதில்லை, விடுதியில்தான் தங்குகிறோம். கூட்டமில்லாத மாதங்களில்தான் போகிறோம், அப்போதுதான் கடைக்காரர்களுக்கு வியாபாரம் தேவை. போன முறை அந்த அம்மா வீட்டுப் படகுக்குப் புதுக்கயிறு வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். பழையது நைந்து போயிருந்தது.